மூன்றரை வயதுப் பையன் திக்குகிறான்: தமிழை நிறுத்தவா, ஐந்து வயது வரை காத்திருக்கவா?

ஜூலை 22. இந்த இணையக் குழுவில் வந்த கேள்வி, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து பீனிக்ஸிலிருந்து ஒரு அப்பா

பையனுக்கு மூன்றரை வயது. இரண்டு வயதிலேயே நன்றாகப் பேசினான். ஏப்ரலில் கிரேச்சில், அதாவது பகல்நேரப் பிள்ளைக் காப்பகத்தில் சேர்த்தோம். மே கடைசியிலிருந்து திக்குகிறான். "அ-அ-அ-அப்பா" என்று ஆரம்பிக்கிறான். சில நேரம் வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தமே வருவதில்லை. வீட்டில் தமிழ், கிரேச்சில் ஆங்கிலம், பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி பேசுவது ஜூலு. கிரேச் டீச்சர், "குழம்பிவிட்டான், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்கிறார். டாக்டர், "வளர வளரச் சரியாகிவிடும், ஐந்து வயது வரை விடுங்கள்" என்கிறார். ஊரிலிருந்து என் அம்மா வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்கிறார். என் அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கல், இன்றும் இருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

ஜூலை 22, இரவு

தமிழை நிறுத்தாதீர்கள். ஐந்து வயது வரை விடாதீர்கள். வசம்பு வேண்டவே வேண்டாம். இந்த மாதமே ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம், அதாவது பேச்சுச் சிக்கல்களுக்குச் சிகிச்சை தருபவரிடம், நேரம் வாங்கிவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். ஒன்று, சத்தமே வராமல் வாய் திறந்தபடி நிற்பது. இன்னொன்று, அண்ணனுக்கு இன்றும் திக்கல் இருப்பது.

நான் டாக்டர் இல்லை. டர்பனில் குடியிருக்கிறேன், சனிக்கிழமைகளில் இங்கே சாட்ஸ்வர்த் பகுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் திக்கியவர்கள். மகளுக்குத் தானாகப் போய்விட்டது, மகனுக்குப் போகவில்லை. கொழுந்தனார் தூத்துக்குடியில் இருக்கிறார். நாற்பது வயதைத் தாண்டியவர், இப்போதும் போனை எடுத்ததும் முதல் சொல்லுக்குப் போராடுவார். இந்த மூன்று பேரிடமும் பார்த்தது, தெரபிஸ்டிடம் கேட்டது, அப்புறம் தேடிப் படித்தது, இவற்றை வைத்துத்தான் எழுதுகிறேன். விவரமாக நாளை.

ஜூலை 23, காலை

எல்லாச் சின்னப் பிள்ளைகளும் தடுமாறித்தான் பேசுவார்கள். "அப்புறம்... அப்புறம் வந்து... அந்த நாய்... அந்த நாய் வந்து..." முழுச் சொல்லையும் திரும்பச் சொல்வார்கள், வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேறு விதமாக ஆரம்பிப்பார்கள், நடுவில் "வந்து", "ம்ம்" சேர்ப்பார்கள். முகத்தில் எந்தச் சிரமமும் தெரியாது. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை மொழி வேகமாக வளரும் காலம், அப்போது இது சாதாரணம்.

திக்கல் என்று தெரபிஸ்டுகள் கவனிப்பது மூன்று விதமான பேச்சை. சொல்லின் முதல் ஒலியோ அசையோ திரும்பத் திரும்ப வருவது: "க-க-க-கதவு". ஒலி நீண்டுகொண்டே போவது: "ஸ்ஸ்ஸ்ஸ்கூல்". மூன்றாவது அடைப்பு. பிள்ளை சொல்லத் தயாராக இருக்கிறது, வாய் அதற்கான இடத்துக்கு வந்துவிட்டது, காற்றும் குரலும் வரவில்லை. உங்கள் பையனிடம் நீங்கள் பார்ப்பது இதைத்தான். பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்திலும் வாக்கியத்தின் தொடக்கத்திலும்தான் இது நடக்கும்.

கூடவே உடம்பும் சேர்ந்துகொள்கிறதா என்று பாருங்கள். கண்ணை இறுக்குவது, தலையை ஆட்டுவது, காலைத் தட்டுவது, கழுத்து நரம்பு புடைப்பது, குரல் மேலே ஏறுவது.

மகள் இரண்டரை வயதில் திக்கினாள். "நா-நா-நான்" என்று அசையைத் திருப்பிச் சொல்வாள், ஆனால் அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவாள். சில மாதங்களில் காணாமல் போய்விட்டது. மகன் மூன்று வயதுக்குப் பிறகு ஆரம்பித்தான். அடைப்பு வரும், காலைத் தரையில் தட்டுவான். ஒருநாள், "சொல்ல வரமாட்டேங்குதும்மா" என்றான். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, பால் வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு ஃப்ரிட்ஜைக் கையால் காட்ட ஆரம்பித்தான். திக்கலைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எந்த வயதிலும் பிள்ளை பேச்சைத் தவிர்க்க ஆரம்பித்தால், மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் தெரபிஸ்டிடம் போய்விட வேண்டும்.

ஜூலை 24

"எங்கள் டாக்டர் தப்பாகச் சொல்கிறாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை.

சின்ன வயதில் திக்க ஆரம்பிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு அது போய்விடுகிறது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்துக் கண்டது இது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து கவனித்தபோது, நான்கு வயதுக்குள் நூற்றுக்கு 11 பேர் எப்போதாவது திக்க ஆரம்பித்திருந்தார்கள். பெரியவர்களில் திக்குபவர்கள் சுமார் நூற்றுக்கு ஒருவர்தான். ஆக, பலருக்குப் போய்விடுகிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் போவதற்குக் காலம் எடுக்கிறது. அதே மெல்போர்ன் பிள்ளைகளில் ஆரம்பித்து ஒரே வருடத்துக்குள் சரியானவர்கள் மிகக் குறைவு. அதோடு, யாருக்குப் போகும், யாருக்கு நிற்கும் என்று ஒரு தனிப் பிள்ளையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நிற்கும் வாய்ப்பு எப்போது கூடுகிறது என்பது மட்டும் ஓரளவு தெரியும்: ஆண் பிள்ளை, குடும்பத்தில் பெரியவரான பிறகும் திக்குபவர் இருப்பது, மூன்றரை வயதுக்கு மேல் ஆரம்பித்தது, ஒரு வருடம் ஆகியும் குறையாதது, வேறு பேச்சுச் சிக்கலும் கூட இருப்பது. ஆரம்பிக்கும்போது பையன்களும் பெண் பிள்ளைகளும் எண்ணிக்கையில் அவ்வளவு வித்தியாசப்படுவதில்லை. பெரியவர்களிடம் பார்த்தால் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்கிற அளவில் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அதிகமாகப் போய்விடுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது.

மகளுக்குப் போனதை வைத்து மகனுக்கும் போய்விடும் என்றுதான் எங்களுக்கும் சொல்லப்பட்டது.

ஜூலை 24, பின்னிரவு

இன்னொன்று. திக்கல் ஒரே சீராக இருக்காது. மூன்று வாரம் அழகாகப் பேசுவான், நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள், திடீரென்று ஒரு திங்கட்கிழமை முன்பைவிட மோசமாக வரும். நல்ல வாரத்தில் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்துவிடாதீர்கள். நல்ல நாள் எது, கெட்ட நாள் எது என்று காலண்டரில் ஒரு குறி போட்டு வையுங்கள், தெரபிஸ்டுக்கு அது பெரிய உதவி.

ஜூலை 27

தமிழை நிறுத்திவிட்டதாக இந்தக் குழுவில் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் பாட்டியுடன் வீடியோ கால் பேசுவதையும் நிறுத்திவிட்டார்களாம். அதைப் படித்துவிட்டு நேற்று எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

பல மொழி கேட்டு வளர்வதால் திக்கல் வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. இந்த நாட்டில் அதிகாரபூர்வ மொழிகளே பன்னிரண்டு. நம் தெருவில் விளையாடும் ஜூலுப் பிள்ளைகளில் பலர் ஆறு வயதுக்குள் மூன்று மொழி பேசுகிறார்கள், அவர்கள் எல்லோரும் திக்குகிறார்களா? ஒரே மொழி பேசும் வீடுகளிலும் திக்கல் வருகிறது. தூத்துக்குடியில் தமிழைத் தவிர வேறொன்றும் கேட்காமல் வளர்ந்தவர் என் கொழுந்தனார்.

கிரேச்சில் சேர்ந்த சமயத்தில் ஆரம்பித்தது என்பதால் டீச்சர் அப்படி நினைத்திருப்பார். மூன்று வயதில் பிள்ளைகளைக் கிரேச்சில் சேர்க்கிறோம், திக்கல் வரும் வயதும் அதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததாலேயே ஒன்றால் மற்றது வந்தது என்று ஆகாது.

ஆனால் டீச்சரின் பேச்சில் ஒரு சின்ன நியாயமும் இருக்கிறது. இரண்டு மொழி பேசும் பிள்ளை, தனக்குக் குறைவாகத் தெரிந்த மொழியில் அதிகம் தயங்கும், சொல்லைத் தேடும். அந்தத் தயக்கத்தைத் திக்கல் என்று நினைத்துவிடும் வாய்ப்பு உண்டு. அதனால் தெரபிஸ்ட் ஆங்கிலத்தில் மட்டும் பேசிப் பார்த்து முடிவு சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டில் தமிழில் பேசும்போது வீடியோ எடுத்துக் கொண்டுபோங்கள். தமிழ் தெரியாதவருக்கும் அடைப்பும் இழுப்பும் கேட்கும். எது முழுச் சொல், எது பாதிச் சொல் என்று நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

வீட்டின் மொழியை எடுத்துவிட்டால் பிள்ளை யாரிடம் மனம்விட்டுப் பேசும்? ஆங்கிலம் சரளமாக வராத அம்மாவிடமா? பேச்சே கஷ்டமாக இருக்கும் பிள்ளையிடமிருந்து தனக்கு நன்றாகத் தெரிந்த மொழியையும் பிடுங்குவது அநியாயம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று கோயிலில் ஆடிக் கூழ். வரிசையில் நிற்கும்போது மகன் ஒரு ஆயாவிடம் தன் பெயரைச் சொல்லப் போனான். பெயர்தான் அவனுக்கு எப்போதும் கஷ்டம். திக்குபவர்கள் பலருக்கும் அப்படித்தான், ஏனென்றால் பெயருக்குப் பதிலாக வேறு சொல்லைப் போட முடியாது. அந்த ஆயா பொறுமையாகக் காத்திருந்தார், கண்ணை வேறு பக்கம் திருப்பவில்லை. அவன் சொல்லி முடித்ததும், "நல்ல பேருடா, தாத்தா பேரா?" என்று கேட்டார். அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற இன்னொருவர் என் காதில், அவனுக்கும் கேட்கும்படியாகவே, "நாக்குக்குக் கீழே அறுத்துவிட்டால் சரியாகிவிடும், என் அண்ணன் மகனுக்குச் செய்தார்கள்" என்றார்.

அதைப் பற்றி நாளை எழுதுகிறேன். இப்போது எழுதினால் கோபமாக எழுதிவிடுவேன்.

ஆகஸ்ட் 5

நாக்குக்குக் கீழே இருக்கும் சவ்வு குட்டையாக இருந்தால் கைக்குழந்தை பால் குடிக்கச் சிரமப்படலாம், சில பிள்ளைகளுக்குச் சில ஒலிகள் சரியாக வராமல் இருக்கலாம். திக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை அறுப்பதால் திக்கல் போகாது. அறுத்த பிறகு போனது என்றால், நான்கில் மூன்று பிள்ளைகளுக்குப் போவது போல அந்தப் பிள்ளைக்கும் போயிருக்கிறது.

வசம்புக்கும் இதே கதைதான். பேர் சொல்லாத மருந்து என்று நம் பாட்டிமார்கள் மரியாதையாக வைத்திருந்த பொருள். அதில் இருக்கும் அசரோன் என்ற வேதிப்பொருளின் நச்சுத்தன்மை காரணமாக, அமெரிக்காவில் 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். சின்னப் பிள்ளையின் நாக்கில் தினமும் தடவுகிற பொருள் இல்லை அது. திக்கலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை மருந்தும் எதுவும் கிடையாது, யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். திருஷ்டி கழிப்பதால் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை, உங்கள் அம்மாவுக்கு மனநிம்மதி கிடைத்தால் செய்துகொள்ளட்டும். அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயந்துபோனதால் வந்தது, கிச்சுகிச்சு மூட்டியதால் வந்தது, திக்கும் சித்தப்பாவைப் பார்த்துப் பழகியது, அம்மா அடித்ததால் வந்தது. இவை எல்லாவற்றையும் என்னிடமும் சொன்னார்கள். மூளையில் பேச்சை ஒருங்கிணைக்கும் பகுதிகளுக்கு இடையேயான இணைப்புகள் கொஞ்சம் வித்தியாசமாக வளர்கின்றன, பல குடும்பங்களில் அது பரம்பரையாக வருகிறது. பாகிஸ்தானில் பலர் திக்கும் குடும்பங்களை ஆராய்ந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இல் திக்கலோடு தொடர்புடைய சில மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். களைப்பு, பரபரப்பு, பிறந்தநாள் கொண்டாட்ட உற்சாகம், இவை அன்றைய திக்கலைக் கூட்டலாம். திக்கலை உண்டாக்குவதில்லை.

ஆகஸ்ட் 6

மேலே ஒரு பாட்டி, "அப்படியென்றால் எங்கள் குடும்பத்து ரத்தத்தில்தான் குறையா?" என்று கேட்டிருக்கிறார். குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. உங்கள் பேரனுக்கு உங்கள் கண்ணும் நிறமும் வந்த மாதிரி இதுவும் வந்திருக்கலாம். யாரும் யாருக்கும் ஒன்றும் செய்துவிடவில்லை.

ஆகஸ்ட் 11

பிள்ளை முன்னால் திக்கலைப் பற்றிப் பேசவே கூடாது, பேசினால் கூடிவிடும் என்று டர்பன் பக்கத்து டோங்காட்டிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் டாக்டரும் இதைத்தான் சொன்னார். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது மனம் கனத்துப் போனது.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், அவரும் திக்குபவர். பெற்றோர் பிள்ளையின் சாதாரணத் தடுமாற்றத்தைத் திக்கல் என்று சொல்லிச் சொல்லித்தான் அது திக்கலாகிறது என்பது அவர் கொள்கை. 1939இல் அவருடைய மாணவி மேரி டியூடர், ஓர் அநாதை இல்லத்தில் 22 பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்தார். நன்றாகப் பேசிய சில பிள்ளைகளிடம், "உனக்குத் திக்குகிறது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே" என்கிற விதமாகவே தொடர்ந்து சொல்லப்பட்டது. அவர்கள் திக்குபவர்களாக மாறவில்லை. ஆனால் பேசவே கூசினார்கள், ஒதுங்கினார்கள். அந்தப் பல்கலைக்கழகம் 2001இல்தான் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

பெயர் சொல்வதால் திக்கல் பிறக்கிறது என்ற அந்தக் கொள்கையை இன்று இந்தத் துறையில் ஏற்பதில்லை. அதிலிருந்து கிளம்பிய "வாயே திறக்காதீர்கள்" என்ற அறிவுரை மட்டும் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. திட்டுவதும் கேலி செய்வதும் பிள்ளையைக் காயப்படுத்தும். அன்பாகப் பேசுவது காயப்படுத்தாது. "சொல்ல வரமாட்டேங்குதும்மா" என்று மகன் சொன்ன அன்று, காது கேட்காத மாதிரி இருந்தால் அவன் என்ன நினைத்திருப்பான்? தன்னிடம் ஏதோ வெட்கக்கேடானது இருக்கிறது, அம்மாகூட அதைப் பற்றிப் பேச மாட்டாள் என்றுதானே? நான் சொன்னது இவ்வளவுதான்: "ஆமாண்டா, சில சொல்லு கஷ்டமாத்தான் வருது. பரவாயில்ல, அம்மா கேட்டுக்கிட்டே இருக்கேன்."

ஆகஸ்ட் 18

வீட்டில் என்ன செய்வது என்று பலர் கேட்கிறீர்கள்.

மிக முக்கியமானது, நாம் மெதுவாகப் பேசுவது. பிள்ளையை மெதுவாகப் பேசச் சொல்வதை இதோடு சேர்க்காதீர்கள். "மெதுவா பேசு", "மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு", "யோசிச்சு சொல்லு", "திரும்பச் சொல்லு" எல்லாம் நல்லெண்ணத்தில்தான் வருகின்றன, ஆனால் தான் பேசுவது தப்பு என்பதுதான் பிள்ளைக்குக் கேட்கிறது. நாம் வேகத்தைக் குறைத்து, வாக்கியத்துக்கு நடுவில் இடம் விட்டு, பிள்ளை முடித்த பிறகு ஒரு நொடி கழித்துப் பதில் சொன்னால், வீட்டில் எல்லோருடைய பரபரப்பும் தானாகக் குறைகிறது. என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், கப்பல் இரைச்சலுக்கு மேலே பேசியே பழகியவர். எங்கள் வீட்டில் மிகவும் கஷ்டப்பட்டு மாறியது அவர்தான். இப்போது அவர் பேசுவதைக் கேட்க எனக்கே இதமாக இருக்கிறது.

சொல்லைப் பிடுங்கி முடித்து வைக்காதீர்கள். அடைத்து நிற்கும்போது முகத்தைத் திருப்பாமல் பாருங்கள். என்ன சொல்கிறான் என்பதற்குப் பதில் சொல்லுங்கள், எப்படிச் சொன்னான் என்பதற்கு வேண்டாம். கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். "இன்றைக்குக் கிரேச்சில் என்ன சாப்பிட்டே, யாரோட விளையாடினே, டீச்சர் என்ன சொன்னாங்க" என்பதற்குப் பதிலாக, "இன்னைக்கு மண்ணுல விளையாடின மாதிரி இருக்கே" என்று ஒரு வாக்கியம் போதும், வேண்டுமானால் அவனே தொடர்வான்.

தினமும் ஐந்து நிமிடமாவது அவனோடு மட்டும் தனியாக இருங்கள். போன் இல்லாமல், அக்கா குறுக்கே பேசாமல், அவன் சொல்வதை விளையாடிக்கொண்டு. மூத்த பிள்ளைகள் வாயாடிகளாக இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கு ஒரு முறை என்று வைத்துவிடுங்கள். எங்கள் மகளுக்கு அது பிடிக்கவே இல்லை, "என் முறை எப்ப வரும்?" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்பாள்.

விருந்தாளி வந்தால், "மாமாவுக்கு ஒரு குறள் சொல்லு" என்று நிற்க வைக்காதீர்கள். நம் வீடுகளில் இது ஒரு நோய்.

ஆகஸ்ட் 19

நேற்றுக் குறளைப் பற்றி எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அவனாக ஆசைப்பட்டுச் சொல்ல வந்தால் தடுக்காதீர்கள். மகன் இப்போது தானாகவே முன்னால் வந்து நிற்கிறான், திக்கினாலும் முடித்துவிட்டுத்தான் உட்காருகிறான். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து மேடையிலிருந்து இறக்கிவிட நமக்கு உரிமையில்லை.

செப்டம்பர் 1

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார்: அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருக்கிறது. படித்ததும் சந்தோஷமாக இருந்தது.

மற்றவர்களுக்காக: இங்கே ஸ்பீச் தெரபிஸ்ட் எல்லோரும் எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும், அவர்கள் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தனியாரிடம் என்றால் நேராகவே அப்பாயின்ட்மென்ட் வாங்கலாம். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) எவ்வளவு தரும் என்று முன்னாலேயே போன் செய்து கேட்டுவிடுங்கள். போன் செய்யும்போதே, "சின்னப் பிள்ளைகளின் திக்கலுக்குத் தொடர்ந்து சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஸ்பீச் தெரபி பெரிய துறை, விழுங்கும் சிக்கலையே முழு நேரமும் பார்ப்பவரும் இருக்கிறார்.

மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். 1994இலிருந்து இந்த நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவம் இலவசம். பக்கத்து கிளினிக்கில் பிள்ளையின் வளர்ச்சியும் தடுப்பூசியும் பதியும் 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தைக் காட்டி, ஸ்பீச் தெரபி இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். வரிசை நீளமாக இருக்கும், அதனால்தான் இன்றைக்கே பெயர் கொடுத்து வைக்கச் சொல்கிறேன். முறை வருவதற்குள் திக்கல் போய்விட்டால் சந்தோஷமாக ரத்து செய்துவிடலாம். போகவில்லை என்றால் ஐந்து வயதில் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதில்லை. டாக்டர் சொன்னபடி காத்திருப்பது என்றாலும் இப்படிக் காத்திருங்கள்.

காதையும் பரிசோதித்துவிடுங்கள்.

செப்டம்பர் 2

ஒருவர், "ஆறு மாதம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று படித்தேனே" என்கிறார். அது தவறில்லை. பெண் பிள்ளை, குடும்பத்தில் யாருக்கும் இல்லை, சிரமமில்லாமல் பேசுகிறாள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்றால் பார்த்துக்கொண்டு இருக்கலாம். அடைப்பு, உடம்பு இறுக்கம், பயம், குடும்பத்தில் திக்கல், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆறு மாதம் நிற்க வேண்டாம். இன்னொன்று, உங்களுக்கே தூக்கம் வராத அளவு கவலையாக இருந்தால் அதுவும் போவதற்குப் போதுமான காரணம். தெரபிஸ்ட் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் வந்தது வீண் என்று நினைக்காதீர்கள்.

செப்டம்பர் 15

பீனிக்ஸ் பையனுக்கு லிட்கம் முறை ஆரம்பிக்கிறார்களாம். எங்கள் மகனுக்கும் அதுதான்.

சிட்னியில் லிட்கம் என்ற புறநகர்ப் பகுதியில் 1980களில் உருவானது, பெரும்பாலும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. சிகிச்சை கொடுப்பது பெற்றோர், வாரம் ஒருமுறை தெரபிஸ்ட் நமக்குக் கற்றுக்கொடுக்கிறார். தினமும் கொஞ்ச நேரம் படம் பார்த்தோ விளையாடியோ பேச வைத்து, திக்காமல் வந்த பேச்சை இயல்பாகப் பாராட்ட வேண்டும். எப்போதாவது, மிக மென்மையாக, "அது கொஞ்சம் மாட்டிக்கிச்சு" என்று சொல்லலாம். அன்றைய திக்கலுக்கு ஒரு மதிப்பெண் போட்டு வைக்க வேண்டும்.

மேலே ஒருவர் யூடியூபில் பார்த்துத் தானே ஆரம்பித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். தயவுசெய்து நிறுத்துங்கள். எவ்வளவு பாராட்டுவது, எப்போது சொல்லாமல் விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அளவு தவறினால் நாள் முழுக்கப் பிள்ளையின் வாயைக் கண்காணிக்கும் போலீஸ்காரராகிவிடுவோம்.

இது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. நெதர்லாந்தில் 199 பிள்ளைகளை வைத்து இதையும், பிள்ளையின் மேல் விழும் பேச்சு அழுத்தத்தைக் குறைக்கும் இன்னொரு முறையையும் ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டார்கள். ஒன்றரை வருட முடிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. உங்கள் தெரபிஸ்டுக்கு எதில் பயிற்சி இருக்கிறதோ, உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவருகிறதோ அதைச் செய்யுங்கள்.

பாராட்டைத் தமிழிலேயே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தமிழில்தான் செய்தேன். "அழகா வந்துச்சுடா" என்பதற்கு அவன் முகம் மலர்ந்த மாதிரி ஆங்கிலப் பாராட்டுக்கு மலரவில்லை.

செப்டம்பர் 24

இன்று ஹெரிட்டேஜ் டே, இந்த நாட்டின் பாரம்பரிய தின விடுமுறை. கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன்.

என் வகுப்பில் ஒரு சின்னப் பெண் ஐஸ்டெட்ஃபொட் என்ற கலைப் போட்டிக்குத் தேவாரம் பாடப் பழகுகிறாள். பேசும்போது நன்றாகத் திக்குவாள், பாடும்போது ஒரு இடத்தில்கூடத் தட்டாது. அவள் அம்மா, "பார்த்தீர்களா டீச்சர், மனசு வைத்தால் முடிகிறது" என்றார். அப்படி இல்லை. திக்குபவர்கள் பெரும்பாலானவர்களுக்குப் பாட்டில் திக்கல் வராது, பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொன்னாலும் வராது. மூளை அதை வேறு விதமாகக் கையாள்கிறது. பாட்டில் வருவதை வைத்துப் பேச்சில் வேண்டுமென்றே செய்கிறாள் என்று எண்ணுவது அவளுக்குச் செய்யும் துரோகம். பாட்டு அவளுக்குச் சிகிச்சையும் ஆகாது. சந்தோஷம், அதற்காகவே பாடட்டும். வகுப்பில் நான் இப்போது எல்லோரையும் சேர்ந்து வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் தனியாக வாசிக்கச் சொல்கிறேன்.

மகனுக்குப் பள்ளியில் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜைப் பற்றிப் பாடம் வந்தது. அவர் திக்குபவர், லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவர் என்று சொன்னேன். 1947இல் அவர் குடும்பத்தோடு நம் டர்பனுக்கே வந்தார் என்றதும், "இங்கேயும் பேசினாரா? திக்கினாரா? யாராவது சிரிச்சாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அந்தக் கடைசிக் கேள்வியிலேயே என் மனம் நின்றுவிட்டது.

அக்டோபர் 6

ஜனவரியில் கிரேட் ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) போகிற பிள்ளைகளின் பெற்றோர்கள் டீச்சரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே நேரில் போய்ப் பேசிவிடுங்கள். காத்திருந்து கேளுங்கள், சொல்லை முடித்து வைக்காதீர்கள், பதில் தெரிந்தும் பேசாமல் இருக்கலாம், வருகைப் பதிவு எடுக்கும்போது பெயருக்குப் பதில் கையைத் தூக்கினால் ஏற்றுக்கொள்ளுங்கள். மற்ற பிள்ளைகள் கேலி செய்தால் டீச்சர்தான் அன்றைக்கே தலையிட வேண்டும், "கண்டுக்காதே" என்று நம் பிள்ளையிடம் சொல்லிவிட்டு விடக்கூடாது. மகனுக்குப் பிடித்த பதிலை அவனே கண்டுபிடித்தான். யாராவது, "ஏன் இப்படிப் பேசுறே?" என்றால், "எனக்குத் திக்கும். நீ வெயிட் பண்ணு" என்பான்.

அக்டோபர் 22

இன்று உலகத் திக்கல் விழிப்புணர்வு நாள், 1998இலிருந்து கடைப்பிடிக்கிறார்கள். கொழுந்தனாருக்குப் போன் செய்தேன். அவர் சின்ன வயதில் பள்ளியில் பட்டதை முதல்முறையாக மகனிடம் சொன்னார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள், ஒருவர் அடைத்து நிற்கும்போது மற்றவர் அவசரப்படாமல் காத்துக்கொண்டு.

டோங்காட்டிலிருந்து எழுதிய அம்மாவுக்கு: ஒன்பது வயதாகிவிட்டது, இனி பலனில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் பலன் உண்டு, ஆனால் நோக்கம் மாறும். இந்த வயதில் திக்கல் முழுக்கப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்கிறவரிடம் போகாதீர்கள். அடைப்பு வரும்போது இறுக்கத்தைத் தளர்த்திச் சொல்லை மெல்ல விடுவது, பயந்து சொல்லை மாற்றாமல் இருப்பது, வகுப்பில் கை தூக்குவது, கேலியை எதிர்கொள்வது, இவற்றில்தான் தெரபிஸ்ட் வேலை செய்வார். முதல் நாள் போகும்போது மகளையே கேளுங்கள்: எது அதிகக் கஷ்டம், வகுப்பில் வாசிப்பதா, கடையில் கேட்பதா, போனா? அவள் எதைச் சொல்கிறாளோ அதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஆறு வயது தாண்டிவிட்டதால் அரசு ஆஸ்பத்திரியில் கட்டணம் இருக்கலாம், கிளினிக்கில் கடிதம் வாங்கும்போதே அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.